அகலப் பாதத்துக்கு மலையேற்ற பூட்ஸ்: டர்பனில் ஒரு காலணிப் பட்டறையின் வேலைத்திறன்

தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பர்க் மலைகளில் ஏறுவதற்கு உறுதியான பூட்ஸ் வேண்டும் என்று டர்பனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடையில் இருக்கும் எந்த பூட்ஸுக்குள்ளும் அடங்காத பாதம் உடையவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. முன்பாதம் அகலமாகவும் குதிகால் ஒடுக்கமாகவும் புறங்கால் உயரமாகவும் இருந்து, போதாக்குறைக்குப் பெருவிரல் மூட்டு வெளிப்பக்கம் புடைத்தும் இருக்கும் பாதம் எனக்கு வாய்த்தது. இப்படிப்பட்ட பாதத்துக்கு பூட்ஸ் தேடிய அனுபவத்தையும், இறுதியில் அதைப் பொருத்திக் கொடுத்த ஒரு சிறிய பட்டறையின் வேலையையும் பற்றியதே இந்த மதிப்புரை. பட்டறைக்காரர் தம் பெயர் எங்கும் வருவதை விரும்பாதவர் என்பதால் அதைக் குறிப்பிடவில்லை. டாக்டர் யூசுஃப் டாடூ தெரு என்று இப்போது வழங்கும் பழைய கிரே தெருப் பகுதியில், தோல் பொருள் விற்கும் கடைகளை ஒட்டிய ஒரு மாடிப்படிக்குக் கீழே அது இருக்கிறது.

முதலில், எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மாங்க்ஸ் கவுல் பக்கமிருந்து கிரேஸ் கணவாய் வழியாக 3,377 மீட்டர் உயரமுள்ள ஷாம்பெய்ன் காசில் சிகரத்துக்குப் போகும் பாதையையே எடுத்துக்கொள்வோம். அடிவாரத்தில் மணற்கல், அதற்கு மேல் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் பாறை. கணவாய்ப் பகுதியிலோ உடைந்து சரிந்த பசால்ட் கற்கள் காலடியில் உருளும். கூடாரம், உணவு, தண்ணீர் எல்லாம் சேர்ந்த முதுகுச் சுமையோடு ஏறும்போது பாதம் படும் பாட்டைவிட, ஏறிய 1,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தை மறுநாள் இறங்கித் தீர்க்கும்போது படும் பாடு அதிகம். ஒவ்வொரு அடியிலும் பாதம் பூட்ஸுக்குள் முன்னோக்கி வழுக்கும். விரல் நுனி முன்சுவரில் மோதும். புல் மூடிய சரிவில் குறுக்காக நடக்கும்போது பூட்ஸின் அடித்தட்டு முறுகினால் கணுக்கால்தான் அதற்கு விலை கொடுக்கும். குளிர்காலத்தில் ஜயண்ட்ஸ் காசில், சானி கணவாய் ஆகிய இடங்களில் உறைந்த ஓடைகளில் பனி ஏறுபவர்களுக்கு கிராம்பன் (பனியில் பிடிக்க பூட்ஸின் அடியில் மாட்டும் முள்சட்டம்) மாட்டக்கூடிய விறைப்பான பூட்ஸ் இன்றி வேலையே நடக்காது.

தாங்குதிறன் என்று பொதுவாகச் சொல்லப்படுவது எங்கிருந்து வருகிறது என்பதில் கடைக்காரர்கள் பலருக்கே தெளிவில்லை. பூட்ஸின் கழுத்து உயரமாக இருந்தால் தாங்கும் என்று கணுக்காலைத் தொட்டுக் காட்டுகிறார்கள். கணுக்காலைச் சுற்றியுள்ள தோல் ஓரளவுக்கு உதவும் என்பது உண்மையே. ஆனால் உண்மையான தாங்குதல் மூன்று இடங்களிலிருந்து வருகிறது: அடித்தட்டுக்குள் பதிந்திருக்கும் ஷாங்க் என்ற விறைப்புத் தகடு, குதிகாலைக் கிண்ணம் போல ஏந்தும் பின்பகுதி, புறங்காலை அழுத்திப் பாதத்தைப் பின்னால் நிறுத்தும் நாடாக் கட்டு. இவற்றில் ஷாங்க் எவ்வளவு விறைப்பானதாக இருந்தாலும், குதிகால் உள்ளே ஆடினால் அந்த விறைப்பு பாதத்துக்குப் பயன்படுவதில்லை. பூட்ஸ் ஒரு திசையிலும் கால் ஒரு திசையிலும் போகும். எனவே, பாதம் பொருந்தாத பூட்ஸில் தாங்குதிறனைப் பற்றிப் பேசுவதே வீண்.

பிரிட்டனிலிருந்து பரவிய தரப்பிரிவு ஒன்று இங்கும் வழக்கத்தில் உள்ளது. பி1 என்பது ஓரளவு விறைப்பானது. பி2 பெருமளவு விறைப்பானது. பி3 சற்றும் வளையாதது. அவற்றுக்கு ஈடாக கிராம்பன்களும் சி1, சி2, சி3 என்று பிரிக்கப்பட்டுள்ளன. கோடையில் டிராகன்ஸ்பர்க் மலைகளில் நடப்பவர்களுக்கு பி1 போதும். பனியில் ஏற நினைப்பவர்களுக்குத்தான் பி2 தேவைப்படும். பொருந்தாத பாதம் உடையவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூட்ஸ் விறைக்க விறைக்க, அது பாதத்துக்கேற்ப வளைந்து கொடுக்கும் தன்மை குறைகிறது. மென்மையான பூட்ஸில் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு சிறு உரசல், பி2 பூட்ஸில் பாதி நாளிலேயே கொப்புளமாகிவிடும்.

நம்மவர்களில் பலருக்கு ஐரோப்பிய பூட்ஸ் முன்பாதத்தில் பிடிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெறுங்காலுடன் நடந்து பழகிய தென்னிந்தியர்கள், செருப்பு அணிந்து பழகிய இந்தியர்கள், மேற்கத்தியர்கள் ஆகிய மூன்று பிரிவினரின் பாதங்களை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, வெறுங்கால் பழக்கமுள்ளவர்களின் பாதம் அகலமாக இருப்பதையும், அழுத்தம் அவர்களுடைய பாதம் முழுவதும் சீராகப் பரவுவதையும், மேற்கத்தியர்களின் பாதம் ஒப்பீட்டளவில் ஒடுங்கியிருப்பதையும் காட்டியது. அதற்கு முன்பே, 1992-இல், மணிப்பாலைச் சேர்ந்த மருத்துவர்கள் 2,300 குழந்தைகளைப் பரிசோதித்து, மூடிய காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளிடையே தட்டைப்பாதம் அதிகம் என்று பதிவு செய்திருந்தார்கள். வீட்டுக்குள் வெறுங்காலும் வெளியே செருப்பும், கோயில் வெளிவீதியில் மறுபடி வெறுங்காலுமாக வளர்ந்த என் போன்றவர்களின் விரல்கள் விரிந்தே நிற்கின்றன. அதைக் குறையென்று சொல்ல மாட்டேன். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் செதுக்கப்பட்ட, பூட்ஸுக்கு வடிவம் தரும் பாத வடிவ அச்சுக்கட்டைக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

டர்பனில் நான் போன முதல் கடையின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே எனக்குக் கிடைத்த ஆலோசனை, இந்நாட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கக்கூடிய அதே ஆலோசனைதான்: "ஒரு சைஸ் பெரிசா எடுங்க, சரியாகிடும்." இது ஏன் சரியாகாது என்பதை எண்ணிக்கையாகவே காட்டலாம். தென்னாப்பிரிக்காவில் வழங்கும் பிரிட்டிஷ் அளவு முறையில் ஒரு முழு எண் கூடினால் நீளம் ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் கூடும்; முன்பாதச் சுற்றளவு கூடுவது சுமார் 5 அல்லது 6 மில்லிமீட்டர்தான், அதிலும் அகலமாகக் கிடைப்பது ஒரு சிறு பங்கே. அந்தச் சிறு பங்குக்காக நாம் ஏற்கும் இழப்புகள் பல. குதிகால் பகுதி மேலும் தளர்ந்துவிடும். பூட்ஸ் வளைய வேண்டிய இடம், விரல் மூட்டு வளையும் இடத்தைவிட முன்னால் தள்ளிப் போய்விடும். இறக்கத்தில் பாதம் வழுக்க அதிக இடம் கிடைத்துவிடும். ஏற்கெனவே ஒடுக்கமான குதிகால் உள்ளவர்களுக்கு இதைவிடக் கேடான யோசனை வேறில்லை.

இன்னொரு கடையில் நிலைமை வேறாக இருந்தது. பாதத்தின் மொத்த நீளம், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையிலான நீளம், அகலம் ஆகிய மூன்றையும் ஒருசேர அளக்கும் பிரானக் அளவுகோலை வைத்திருந்தார்கள்; நிற்கவைத்தே அளந்தார்கள்; இரண்டு கால்களையும் அளந்தார்கள். பிற்பகலில் வரச்சொன்னதும் அவர்களே, ஏனெனில் நாள் போகப்போகப் பாதம் வீங்கும். மலையில் அணியும் தடித்த காலுறையைக் கொண்டுவரச் சொன்னார்கள். பூட்ஸின் உள்தட்டை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நிற்கச் செய்தார்கள். முன்பாதம் உள்தட்டின் ஓரத்தைத் தாண்டி எவ்வளவு பிதுங்குகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய இந்த ஒரு சோதனை, கடையில் நடந்து பார்க்கும் பத்து நிமிடத்தைவிட அதிக உண்மையைச் சொல்லும். நாடாவைக் கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்தார்கள். பிறகு நாடாவைக் கட்டி, சாய்வுப் பலகையில் இறங்கச் சொன்னார்கள்.

அங்கும் வேறு இடங்களிலும் அணிந்து பார்த்தவற்றில், நிறுவனத்துக்கு நிறுவனம் அச்சுக்கட்டை வேறுபடுவது தெளிவாகத் தெரிந்தது. இத்தாலியின் லா ஸ்போர்ட்டிவா பூட்ஸ் என் முன்பாதத்துக்கு ஒடுக்கம். அதே நாட்டின் ஸ்கார்ப்பா விரல் பகுதியில் சற்று விசாலமாகப் பட்டது. ஜெர்மனியில் பவேரியாவைச் சேர்ந்த லோவா சில மாதிரிகளை ஒடுக்கம், அகலம் என்று வெவ்வேறு அகலங்களில் செய்கிறது. அங்கேயே 1921-இல் தொடங்கப்பட்ட ஹான்வாக் ஒரு படி மேலே போய், பெருவிரல் மூட்டுப் புடைப்பு உள்ளவர்களுக்கென்றே தனி அச்சுக்கட்டையில் பூட்ஸ் செய்கிறது. அந்த இடத்தில் தையல் வராதபடி அமைக்கிறார்கள். என் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விடை இருக்க முடியாது. ஆனால் இந்தச் சிறப்பு அச்சுகள் டர்பன் கடை அலமாரிகளில் என் கண்ணில் படவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரி ஒருபுறம். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு மறுபுறம். அணிந்து பார்க்காமல் பூட்ஸ் வாங்குவது, என் பாதம் போன்ற பாதத்துக்கு, சூதாட்டமே.

நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்துச் சரக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்கில் தயாராகும் ஜிம் கிரீன் பூட்ஸ் விரல் பகுதி தாராளமானது, முழுத்தோல், மேல்தோலை வெளிப்பக்கமாக மடித்து அடித்தட்டோடு தைக்கும் பழைய முறையில் செய்யப்படுவதால், தேய்ந்தபின் அடித்தட்டை மாற்றிக்கொள்ளலாம். வனக்காவலர்களை மனத்தில் வைத்துச் செய்யப்படும் மாதிரியும் உண்டு. அடிவாரப் பாதைகளுக்கும் நாள்முழுதும் நிற்கும் வேலைக்கும் இதையே நான் பரிந்துரைப்பேன். ஆயினும் இது நடைபூட்ஸ். கிராம்பன் மாட்டும் விறைப்பை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதன்று. அந்த வேலைக்கு வேறு பூட்ஸ்தான் தேட வேண்டும்.

பட்டறைக்குப் போனது, அளவுகோல் வைத்திருந்த கடைக்காரரின் யோசனையின் பேரில். தம் கடையில் விற்ற பூட்ஸையே அங்கு அனுப்பி வைப்பதாக அவர் சொன்னது எனக்குப் புதுமையாக இருந்தது. பட்டறைக்காரர் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காலணித் தொழிற்சாலைகளில் பல காலம் வேலை பார்த்தவர். நேட்டாலின் அந்தத் தொழிலில் நம் மக்கள் திரளாக வேலை செய்த காலத்து மனிதர். எல்லாரும் அழைப்பது போல நானும் அங்கிள் என்றே அழைத்தேன். நான் கொண்டுபோயிருந்த பழைய பூட்ஸை அவர் முதலில் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். காலுறையைக் கழற்றச் சொல்லி, குதிகாலை இரண்டு விரல்களால் பிடித்துப் பார்த்து, புறங்காலின் மேல் கட்டைவிரலை ஓட்டி, புடைப்பை அழுத்தி வலிக்கிறதா என்று கேட்டார்.

"குதிகாலையும் புறங்காலையும் பாத்து வாங்கும்மா. அது ரெண்டும் சரியா உக்காந்தா, முன்னால இருக்கிறத நான் பாத்துக்கிறேன். குதிகால் ஆடுற பூட்ஸை எடுத்துட்டு வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த மதிப்புரையை எழுதலாம் என்று தோன்றியது. பூட்ஸ் வாங்கும் நாம் எல்லாரும் இறுக்கும் இடத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறோம்; தளரும் இடத்தைப் பார்ப்பதில்லை. தோலை விரிக்க முடியும், சுருக்க முடியாது. முன்பாதத்தில் கொஞ்சம் பிடிக்கும் தோல் பூட்ஸைத் திருத்திவிடலாம். பின்பகுதி அகலமான பூட்ஸுக்கு அடைப்பு வைத்து ஒப்பேற்றலாமே தவிர, அச்சுக்கட்டையை மாற்ற முடியாது. அதன்படியே, குதிகால் அசையாமல் அமர்ந்த, புறங்காலில் நாடா இரண்டு பக்கமும் சமமாக விரிந்து நின்ற, முன்பாதத்தில் மட்டும் பிடித்த ஒரு தடித்த தோல் பூட்ஸை பி2 தரத்தில் வாங்கி அவரிடம் கொண்டுபோனேன். மாதிரியின் பெயரைச் சொல்வதால் பயனில்லை. அவை ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன, உங்கள் குதிகாலும் என் குதிகால் அன்று.

அவருடைய வேலைமுறை பார்க்கத் தகுந்தது. காலுறையின் மேல், புடைப்பு இருக்கும் இடத்தில், தையற்காரர்கள் பயன்படுத்தும் சுண்ணக் கட்டியைத் தடவி, பூட்ஸை அணிந்து நாடாவை முழுவதும் கட்டிப் பட்டறைக்குள்ளேயே நடக்கச் சொன்னார். கழற்றியதும் கையை உள்ளே விட்டு, சுண்ணம் ஒட்டியிருந்த இடத்தை விரலால் அழுத்திக்கொண்டே, வெளிப்பக்கத் தோலில் அதே இடத்தில் ஒரு சிறு பெருக்கல் குறி போட்டார். பிறகு அந்த இடத்தை உள்ளிருந்து ஸ்பிரிட் கலந்த நீரால் நனைத்தார். ஒரு முனையில் இரும்பு உருண்டையும் மறுமுனையில் வளையமும் உள்ள நீண்ட இடுக்கியை எடுத்து, உருண்டை உள்ளேயும் வளையம் வெளியேயும் வருமாறு வைத்து, குறி வளையத்தின் நடுவில் வந்ததைப் பார்த்தபின் திருகை மெல்ல இறுக்கினார். தோல் வளையத்துக்குள் ஒரு சிறு மேடாக எழுந்தது. அப்படியே இரவு முழுவதும் விட்டுவிடுவார். மறுநாள் திருகைத் தளர்த்தினால் மேடு சற்று அமுங்கும், மறுபடி இறுக்குவார். அவசரப்பட்டு ஒரே இழுவையில் இழுத்தால் தையல் விட்டுப்போகும் என்பது அவர் கட்சி.

மலையேற்ற பூட்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு. கல்லில் உரசாமல் இருக்க, அடிப்பகுதியைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டியிருப்பார்கள். புடைப்பு சரியாக அந்தப் பட்டையின் மேல்விளிம்பில்தான் வருகிறது. ரப்பர் தோல் போல விரிந்து நிற்காமல் பழைய நிலைக்கே திரும்பும். சூடான காற்றை ஊதும் கருவியால் பட்டையை இளக்கி விரிக்க வேண்டும். ஆனால் சூடு கூடினால் அடித்தட்டை ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடும். அவர் அடித்தட்டு ஓரத்தில் ஈரத்துணியைச் சுற்றிவைத்து, பட்டையைப் புறங்கையால் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். தண்ணீர் புகாத கோர்-டெக்ஸ் உள்ளுறை இருந்தால் முதலிலேயே எச்சரித்துவிடுகிறார்: சில மில்லிமீட்டர் வரை இழுக்கலாம், அதற்கு மேல் போனால் உள்ளுறையின் தையல் ஒட்டு பிரிந்து தண்ணீர் புகும், அதற்குத் தாம் பொறுப்பில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறார்.

முன்பாதத்தை விரித்தபின் அவர் செய்த இன்னொரு சிறு வேலையை நான் எதிர்பார்க்கவில்லை. பூட்ஸின் நாக்குப் பகுதியின் உட்புறத்தில், புறங்கால் வளையும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு மெல்லிய ஃபெல்ட் துண்டை வெட்டி ஒட்டினார். நாடாவைக் கட்டும்போது அது பாதத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. குதிகால் கிண்ணத்தில் இன்னும் ஆழமாக அமர்கிறது. புறங்காலின் உச்சிக்கு நேர்மேலே வைத்திருந்தால் இரத்த ஓட்டத்தை நெருக்கியிருக்கும். ஒரு விரற்கடை மேலே வைத்ததில்தான் அவர் அனுபவம் தெரிந்தது.

மலையில் இந்த பூட்ஸ் எப்படி நடந்துகொண்டது என்பதைச் சொல்ல வேண்டும். கணவாயின் செங்குத்தான பகுதியில் குதிகால் எழும்பவில்லை. விறைப்பான அடித்தட்டில் ஒரு சில மில்லிமீட்டர் எழும்புவது இயல்பு. அதற்கு மேல் இல்லை. இறக்கத்தில் பெருவிரல் நுனி முன்சுவரைத் தொடவில்லை. புடைப்பின் மேல் வலி அறவே இல்லை என்று சொன்னால் மிகையாகும்; நாளின் இறுதியில் ஒரு மந்தமான அழுத்தம் இருந்தது, தோல் சிவக்கவில்லை. இடக்காலில் சுண்டுவிரல் பக்கம் சிறிது பிடித்தது. திரும்பவும் அவரிடம் கொடுத்து அந்த இடத்தையும் விரித்தேன், அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை. நாடாக் கட்டும் முறையும் இதில் பங்கு வகித்தது. உயர்ந்த புறங்கால் உள்ளவர்கள், அழுத்தும் இடத்தில் மட்டும் நாடாவைக் குறுக்கே கொண்டுபோகாமல் அந்தந்தப் பக்கத்திலேயே நேராக மேலே ஏற்றிவிட வேண்டும். அதற்கு மேலும் கீழும் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டால், கீழே தளர்வாகவும் மேலே இறுக்கமாகவும் நிறுத்திக்கொள்ளலாம். இறங்கத் தொடங்கும் முன் ஒருமுறை உட்கார்ந்து நாடாவைப் புதிதாகக் கட்டுவது, எந்த விலையுயர்ந்த உள்தட்டையும்விடப் பயன் தந்தது.

பட்டறையில் குறைகள் இல்லாமல் இல்லை. சொன்ன நாளில் வேலை முடியும் என்று நம்பி மலைப்பயணத்துக்கு நாள் குறிக்கக் கூடாது. ரசீது கிடையாது, தொலைபேசியை எடுப்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. பசை வாடை தாங்காதவர்கள் வாசலிலேயே நின்று பேசுவது நல்லது. புதிதாக வரும் தையலற்ற செயற்கைத் துணி பூட்ஸ்களை அவர் தொடுவதில்லை. அவை விரித்த இடத்தில் நிற்பதில்லை என்பதால் அவர் மறுப்பதை நான் குறையாகக் கருதவில்லை. கூலி, பூட்ஸின் விலையில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பெண்களுக்கென்று தனி அச்சில் வரும் பூட்ஸில் குதிகால் ஒடுக்கமாக இருப்பதால், அகல முன்பாதம் உள்ள ஆண்கள்கூட அளவு கிடைத்தால் அவற்றை அணிந்து பார்க்கலாம் என்பது அவர் சொன்ன இன்னொரு யோசனை. கடைக்காரர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

டர்பன்வாசிகளுக்கு மட்டும் உரிய ஓர் எச்சரிக்கையும் அவரிடமிருந்தே கிடைத்தது. பெரும்பாலான மலை பூட்ஸில் அடித்தட்டுக்கும் மேல்தோலுக்கும் இடையே பாலியூரிதேன் நுரைத்தட்டு இருக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்த நுரை வேதியியல் முறையில் சிதைந்து, ஆண்டுகள் போனபின் பொடிப்பொடியாக உதிரும். அணியாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் உதிரும், சொல்லப்போனால் அணியாமல் வைத்திருந்தால்தான் விரைவில் உதிரும். நம் கடற்கரை ஈரத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய இருப்பு பூட்ஸை வாங்குபவர்கள், நுரைத்தட்டைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். தடம் அப்படியே நின்றாலோ ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலோ வாங்கக் கூடாது. அரும்பாடுபட்டு விரித்துப் பொருத்திய பூட்ஸாக இருந்தால், மேல்தோல் நன்றாக இருக்கும்வரை நுரைத்தட்டையும் அடித்தட்டையும் மட்டும் மாற்றித் தருகிறார். விரித்த இடம் விரித்தபடியே இருக்க வேண்டுமானால் அந்த வேலைக்கு அனுப்பும்போது உள்ளே அச்சுக்கட்டை வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்றும், பிற இடங்களில் கொடுத்தால் இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுமாறும் சொல்லி அனுப்பினார்.